தீனதயாளன் வீட்டு லைன்

மணலூர்பேட்டையிலும் சுற்றியுள்ள ஆறேழு ஊர்களிலும் கேபிளும் நெட்டும் நாங்கள்தான் கொடுக்கிறோம். நாங்கள் என்றால் நான்தான். என் வீட்டுக்காரர் காசிநாதன் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பு போன நாளிலிருந்து கடையில் உட்கார்ந்து போன் எடுக்கிறார். ஏணி, கட்டிங் பிளேயர், ஒயர் சுருள் எல்லாம் என் ஸ்கூட்டியில். பொம்பளை கம்பம் ஏறுகிறாள் என்று முதல் வருஷம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வருஷம் அவர்களுக்கே அலுத்துவிட்டது. மணிமொழிக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் ஒரு பேர் உண்டு. அதை நான் இதுவரை மறுத்ததில்லை. இந்த விஷயத்தில் மறுக்கவும் முடியாது.

நெட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று போன் செய்கிறவர்கள் மாசத்துக்கு இருபது பேர் இருப்பார்கள். எல்லோரும் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள். தீனதயாளன் மட்டும் குரலை இறக்கிக்கொண்டு பேசினார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அவருக்கு ஆற்றோரமாகப் பன்னிரண்டு ஏக்கர், கரும்பும் நெல்லும். மகன் பிரவீன்குமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மகள் அபிநயா லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தது. போன தீபாவளிக்கு பிரவீன் நாலு ஸ்பீக்கர் வாங்கி வந்து பூஜை அறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் தங்கச்சி அறையில் ஒன்று என்று வைத்துவிட்டுப் போனான். ஒயர் கிடையாது, வைஃபையில் ஓடுவது, அரைப்படி உயரம் இருக்கும். வாயால் சொன்னால் பாடும். ஒன்றிடம் சொன்னால் நாலும் சேர்ந்து பாடுகிற மாதிரி அமைத்துவிட்டிருந்தான்.

அந்த வீட்டுக்கு மாசம் முந்நூறு ஜிபி வேகமாக வரும். தீர்ந்துவிட்டால் அடுத்த மாசம் பிறக்கிறவரை ஊர்ந்து ஊர்ந்து வரும். அதுவரை அவர்கள் நூறைத் தாண்டியதில்லை. மார்கழியில் திடீரென்று இருபதாம் தேதியே முந்நூறும் காலி. தீனதயாளன் என்னைக் கூப்பிட்டபோது நான் சந்தைமேட்டுக் கம்பத்தின் உச்சியில் இருந்தேன். ஒரு கையில் ஒயர், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். யார் அவ்வளவு பார்க்கிறார்கள் என்று கேட்டார். எனக்கு இறங்கி வந்து பேசப் பொறுமை இல்லை.

"வூட்ல வயசுப் பொண்ணு இருந்தா அப்படித்தாண்ணா ஆவும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு மறந்தும் போனேன். ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்று மாசி மாசத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

முதலில் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அது இல்லை என்றிருக்கிறது. பிரவீன் பெங்களூரில் இருந்தபடியே ஏதோ ஆப்பில் பார்த்து, பகல் ராத்திரி எந்நேரமும் நெட் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறான். வீட்டில் மற்றவர்கள் ஒன்பது மணிக்குப் படுப்பவர்கள். அவர் மனைவி ஆண்டாள் அண்ணியிடம் இருப்பது பட்டன் போன். அப்புறம் யார் மிச்சம்? அபிநயாவின் போனை வாங்கி அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். நெட் போவது நிற்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவருக்கு வேறு மாதிரி உறைத்தது. பெண்ணிடம் இன்னொரு போன் இருக்கிறது என்று முடிவு செய்தார். மெத்தையைப் பிரித்துப் பார்த்தார்கள். அரிசி டிரம்மில் கையை விட்டுப் பார்த்தார்கள். அண்ணியை விட்டு மகளின் துணி அலமாரியைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணியும் சோதித்திருக்கிறார்.

இதற்கு நடுவில் அபிநயாவுக்கு வேலை வந்தது. கள்ளக்குறிச்சி போய் பஸ் மாறி ஏறுகிற கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ஒப்பந்த வேலைதான். ஆனாலும் அதற்கே எத்தனையோ பேர் எழுதிப் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும். வீட்டில் கண் முன்னால் இருக்கும்போதே இப்படி என்றால் மலைமேல் தனியாகத் தங்கினால் எப்படி என்று தீனதயாளன் கேட்டாராம். அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில்தான் என்னைக் குரலை இறக்கிக் கூப்பிட்டார். ஒளித்து வைத்திருக்கிற போனைக் கண்டுபிடிக்க என்னிடம் ஏதாவது மிஷின் இருக்குமாமே என்று கேட்டார். அப்படி ஒரு மிஷின் உலகத்தில் கிடையாது. இருந்தாலும் வருகிறேன் என்றேன்.

போனதும் அண்ணி மோர் கொடுத்தார். தீனதயாளன் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்வதைப் போல வரிசையாகச் சொன்னார். மோசமான மனுஷர் இல்லை அவர். பெண்ணைப் பன்னிரண்டாவது வரைக்கும் பைக்கில் உட்காரவைத்துத் திருக்கோவிலூர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். பயந்துவிட்டார், அவ்வளவுதான். பயந்த ஆம்பளை வீட்டில் என்னவெல்லாம் செய்வாரோ அதையெல்லாம் செய்திருந்தார்.

மாடியில் சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற சாக்கில் மேலே போனேன். அபிநயா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தது. மெலிந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

"எங்கிட்ட வேற போன் எதுவும் இல்லக்கா," என்றது. அப்புறம், "நீங்க சொன்னதா தான் அப்பா சொன்னாரு. வயசுப் பொண்ணு இருந்தா அப்படித்தான் ஆவும்னு," என்றது.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆமாம், சொன்னேன் என்றேன். வேறு என்ன சொல்ல? கீழே இறங்கி வந்தேன்.

வைஃபை பெட்டி கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் உள்பக்கத்தை என் போனில் திறந்தால் எந்தெந்தச் சாமான் அதில் சேர்ந்திருக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். பெயர் இருக்காது, வெறும் நம்பரும் எழுத்தும்தான் இருக்கும். டிவியை அணைக்கச் சொன்னேன். அவர் போனை அணைக்கச் சொன்னேன். பீரோவைத் திறந்து அபிநயாவின் போன் அணைந்துதான் இருக்கிறது என்று என் கண்ணால் பார்த்துக்கொண்டேன். இப்போது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை. எண் ஏறிக்கொண்டே இருந்தது.

பார்த்தாயா, இருக்கிறது இல்லையா என்றார் தீனதயாளன். முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. தான் சொன்னது சரியாகப் போனால் மனுஷனுக்கு எதில்தான் சந்தோஷம் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இழுத்துக்கொண்டிருந்தது ஒன்று இல்லை. நாலு. நாலும் ஒரே அளவு, ஒரே வேகம். உங்கள் பெண் நாலு போன் வைத்துக்கொண்டு நாலிலும் ஒரே நேரத்தில் பேசுகிறதா என்று அவரைக் கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் நாலாக இருப்பது எது என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

அது சும்மாதானே கிடக்கிறது, சத்தமே இல்லையே என்றார். நானும் மார்கழியில் வந்து பார்த்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். சும்மா கிடந்தாலும் இந்த மாதிரிச் சாமான்கள் தங்கள் கம்பெனியோடு ஏதாவது பேசிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அது ஒரு கைப்பிடி. இங்கே போய்க்கொண்டிருந்தது மூட்டை மூட்டையாக. எதற்கும் பிடுங்கிப் பார்த்துவிடலாம் என்று பக்கத்தில் இருந்த பூஜை அறைக்குள் நுழைந்து பிளக்கில் கை வைத்தேன். அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த புடுங்காதம்மா. பாட்டு ஓடிக்கினு இருக்குது."

ஒரு சத்தமும் இல்லையே அண்ணி என்றேன்.

"சத்தத்த கொறச்சி வெச்சிருக்கேன். சாமி பாட்ட பாதியில நிறுத்தக் கூடாது இல்ல. அது பாட்டுக்கு முடிச்சிக்கினு நின்னுடும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் கேட்கக் கேட்க அவர் சொன்னது இதுதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு, விளக்கேற்றி, பெருமாள் பாட்டு போடச் சொல்லுவார். நாலு அறையிலும் பாடும். பத்து நிமிஷம் போவதற்குள் படுக்கையில் இருந்தபடியே தீனதயாளன் சத்தத்தைக் குறை என்பார். பாட்டு முடிய முக்கால் மணி நேரம் ஆகும். சாமி பாட்டைப் பாதியில் நிறுத்துவது, பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புவதைப் போல. அதற்காக அண்ணி நிறுத்த மாட்டார். சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, காதுக்குக் கேட்காத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். புருஷன் சொன்னதும் ஆயிற்று, சாமி பாட்டும் ஆயிற்று. முடிந்தால் தானே நின்றுவிடும் என்று நம்பினார். பழைய டேப் ரிக்கார்டர் அப்படித்தானே நின்றது.

இது நிற்காது. ஒரு பாட்டு முடிந்தால் தானாகவே அடுத்த பாட்டை எடுத்துக்கொள்ளும். அது முடிந்தால் இன்னொன்று. மார்கழி முதல் நாளிலிருந்து மாசி வரைக்கும், பகலும் ராத்திரியும், நாலு பெட்டியும் நாலு அறையில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் கேட்காமல் பாடிக்கொண்டிருந்திருக்கின்றன.

பெட்டியிடம் சத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள் என்றேன். அண்ணி, மகன் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். ஏதோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து நாகஸ்வரமும் குரலும் எழுந்து வந்தன. பூஜை அறையில், கூடத்தில், சமையலறையில், மேலே மாடியில். பெரிய வீடு அது, முழுக்க நிறைந்துவிட்டது. அபிநயா மாடிப்படி வரை வந்து நின்று கேட்டது. என் போனில் நாலு எண்களும் சேர்ந்தாற்போல ஏறிக்கொண்டிருந்தன. அதைத் தீனதயாளனிடம் காட்டினேன்.

அண்ணி பூஜை அறை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எம் பொண்ணு நல்ல வழியில போவணும்னு தாம்மா அந்தப் பாட்டே போட்டேன்," என்று என்னிடம் சொன்னார். மகள் பக்கம் திரும்பவில்லை.

தீனதயாளன் சிரித்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சிரிப்பு. மூன்று மாசமாக மார்பில் இருந்த பாரம் இறங்கிவிட்டது, பார்த்தாலே தெரிந்தது.

"அட, சாமி பாட்டா. போனா போவட்டும் வுடு," என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அதே முந்நூறு ஜிபிதான். பெண் செலவு செய்தது என்றபோது மெத்தையைக் கிழித்தார். பெருமாள் செலவு செய்தார் என்றதும் போனால் போகட்டும். பீரோவைத் திறந்து போனை எடுத்து மகளிடம் நீட்டினார், ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி. அபிநயா வாங்கிக்கொண்டது. ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் இல்லை.

நான் கேட்டேன். அவர் முன்னால் வைத்தே கேட்டேன். மார்கழியில் கம்பத்து மேல் இருந்துகொண்டு நான் உளறியது தப்பு, என் வாயால் வந்த வினை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அது தலையை மட்டும் ஆட்டியது. அப்புறம், அப்போ வியாழக்கிழமை அபிநயா வெள்ளிமலைக்குப் போகிறதுதானே என்று அவரைக் கேட்டேன்.

"அது வேற, இது வேற," என்றார் தீனதயாளன்.

"மூணு மாசமா ரெண்டும் ஒண்ணுன்னு தானண்ணா சொல்லிக்கினு இருந்தீங்க. இப்ப மட்டும் எப்படி வேறயா ஆச்சு?"

அவர் முகம் மாறிவிட்டது. ஆனாலும் குரல் உயரவில்லை. "லைன் பாக்கத்தான உன்ன கூப்ட்டேன். பாத்துட்ட இல்ல," என்றார்.

சாமான்களை எடுத்துப் பையில் போட்டேன். அவர் சொன்னதில் பிசகு இல்லை. மார்கழியில் நான் லைனை மட்டும் பார்த்திருந்தால் இது எதுவுமே வந்திருக்காது.

ஸ்கூட்டியை எடுக்கும்போது அண்ணி கேட் வரைக்கும் வந்தார். நான் மறந்துவிட்ட கட்டிங் பிளேயரைக் கொடுத்தார். கொடுத்துவிட்டும் போகவில்லை.

"அத்த நிறுத்தணும்னா இன்னா சொல்லணும்?"

"நிறுத்துன்னு சொன்னா நின்னுடும் அண்ணி."

"பாதியிலயா?"

"எங்க சொன்னாலும் நிக்கும்."

இவ்வளவுதானா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை முழுக்க, கடையில் இருந்த நேரமெல்லாம் தீனதயாளன் வீட்டு லைனைத் திறந்து திறந்து பார்த்தேன். யார் என்ன பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. எவ்வளவு போகிறது என்பது மட்டும் தெரியும். விடியற்காலையிலிருந்தே வழக்கம்போல ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை இறங்கவே இல்லை. அண்ணி பழையபடி சத்தத்தைத்தான் குறைத்திருக்கிறார். அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் வேலை போயிற்று என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. காசிநாதனிடம் எரிந்து விழுந்தேன். ஊரான் வீட்டுப் பிரச்சினையைத் தலையில் போட்டுக்கொள்ளாதே என்றார். இது என் வீட்டில் இருந்து போன பிரச்சினை என்றேன். அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை. மார்கழியில் நான் சொன்னதை அவரிடம்கூடச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தீனதயாளன். குரலை இறக்கவில்லை, சாதாரணமாகத்தான் பேசினார். நெட் போய்விட்டதா என்று கேட்டார். லைனைத் திறக்காமல் எப்படிச் சொல்ல முடியும், பார்க்கிறேன் என்று உள்ளே போய் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதற்குள் அவர் சொல்லிக்கொண்டே போனார். காலையில் நாலேமுக்காலுக்கே பாட்டு பாடியதாம். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தம் ஜாஸ்தியாம், காதைப் பிளந்ததாம்.

"சத்தத்த கொறைன்னு தான் சொன்னேன். நின்னே போச்சு. அப்பறம் நானும் கண் அசந்துட்டேன். இப்ப பாத்தா ஒரே நெசப்தமா கெடக்குது."

அவர் வீட்டு லைனைப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. ஐந்து மணி இரண்டு நிமிஷத்துக்கு நின்றிருக்கிறது. அதற்கப்புறம் ஏறக்குறைய பூஜ்யம். மார்கழிக்குப் பிறகு அந்த வீட்டில் நான் பூஜ்யத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"லைன் நல்லாத்தாண்ணா இருக்குது. யாரோ பாட்ட நிறுத்தி இருக்காங்க."

"யாரு நிறுத்துவா? அவ சாமி பாட்ட நிறுத்த மாட்டாளே. கூப்ட்டு கேக்கலாம்னா ஆளையே காணோம். மாடு வேற கறக்காம கத்திக்கினு இருக்குது." ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் மாடிப்படி ஏறுவதும், மூச்சு வாங்குவதும் கேட்டது. இன்னொரு கதவு. "மாடியிலயும் யாரும் இல்ல," என்றார்.

லைனை மட்டும் பார் என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"கள்ளக்குறிச்சிக்கு மொத பஸ் அஞ்சே காலுக்கே போயிடுச்சுண்ணா," என்றேன்.